கோர்ட் கலையும் வரை

இன்று காலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். மன்னார்புரத்தில் என் மச்சான் வீட்டுக் காலி மனையில் பல மாதமாக நின்ற வண்டி. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் காய்ந்த ஆரஞ்சுத் தோல், உடைந்த ஸ்கேல், ஏதோ ஒரு குழந்தையின் ஒற்றை சாக்ஸ், அதோடு உன் மூக்குக்கண்ணாடிக் கூடு. மூடி சரியாக மூடாது என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பாயே, அதேதான். திறந்தேன். கண்ணாடி உள்ளேதான் இருந்தது. அப்படியென்றால் கடைசி நாட்களில் நீ கண்ணாடி இல்லாமலா பேப்பர் படித்தாய், இல்லை வேறு வாங்கிக்கொண்டாயா? உன் வீட்டில் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஈரக் கையோடு வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாளை முதல் வண்டி ஓட்டலாம். அதை உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கோர்ட் என்னை விட்டுவிட்டது. பேப்பர் இருக்கிறது, அதில் முத்திரை இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று என் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்கிறேன். பிறகு தனியாக இருக்கும்போது, என்னை விட்டுவிட்டது சரி, உன்னை என்ன செய்தது என்று ஒரு யோசனை வருகிறது. அதற்கு மேல் யோசித்தால் தலை சுற்றுகிறது.

முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலாவது எனக்குத் தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

பொன்மலைப்பட்டியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், ஒரே போர்வெல், ஒரே மோட்டார். காலையில் உங்களுக்கு, சாயங்காலம் எங்களுக்கு என்று நீதான் சட்டம் போட்டாய். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன் நீ. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று இருந்த மனுஷனுக்கு மோட்டாருக்கும் ஒரு டைம்டேபிள் வேண்டியிருந்தது. அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விருந்தாளிகள். உன்னிடம் சொல்லாமல் காலையிலேயே சுவிட்சைப் போட்டேன், போட்டதை மறந்தும் போனேன். தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அது தெரிந்ததால்தானோ என்னவோ, எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ சத்தம்கூடப் போடவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாமே என்றுதான் கேட்டாய். விருந்தாளிகள் முன்னால் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கையையும் உன் மார்பில் வைத்துத் தள்ளினேன். துணி துவைக்கிற கல்லின் முனை உன் புருவத்துக்கு மேலே கிழித்தது.

உன்னை ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நான்தான். தையல் போட்டுக்கொண்டே டூட்டி டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருப்பான். நீ, தள்ளிவிட்டாங்க சார் என்றாய். யார் என்று கேட்டதும், உன் ரத்தச் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினாய். டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தை நினைத்து நாம் பிற்பாடு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம்.

டாக்டர் எழுதினார், அங்கேயே இருந்த போலீஸ்காரருக்குத் தகவல் போனது. அவர் நல்ல மனிதர். பக்கத்துப் பக்கத்து வீடு, சமாதானமாகப் போய்விடுங்கள் என்றார். நீ உடனே தலையை ஆட்டினாய்.

“தள்ளுனது தப்புன்னு இவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. நான் போயிடுறேன்.”

அவ்வளவுதான் நீ கேட்டது. நான் என்ன சொன்னேன்?

“நான் தள்ளவே இல்ல சார். இவராத்தான் கால் இடறி விழுந்தாரு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காக்கிச் சட்டையைக் கண்ட பயம் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். வீம்பு என்பதுதான் சரியோ என்று இப்போது படுகிறது. நீ என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பேப்பரை வாங்கிப் புகாரில் கையெழுத்துப் போட்டாய்.

கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் நாம் பேச ஆரம்பித்துவிட்டோம் என்பதுதான் வேடிக்கை. தையல் பிரிக்கவும் என் ஸ்கூட்டரில்தான் வந்தாய். புது மோட்டாரை நீதான் மாட்டினாய். ஆனால் கேஸ் அது பாட்டுக்கு நடந்தது. கேஸ் என்பது போலீஸுடையது, நம் கையில் என்ன இருக்கிறது என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். நீ ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் யாரையும் கேட்கவில்லை. வாய்தா தேதிகளில் புகார் கொடுத்தவனும் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே ஸ்கூட்டரில் கோர்ட்டுக்குப் போனோம். ஒரு நாள் அரிஸ்டோ ரவுண்டானாவில் டயர் பஞ்சரானபோது, லேட்டானால் எனக்கு வாரண்டு போட்டுவிடுவார்கள் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னை விட வேகமாக நடந்தவன் நீ.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் நடந்ததை நடந்தபடி சொன்னாய். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தள்ளியது நான் என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான் என்றாய். எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. நீ அப்படித்தான் சொல்வாய் என்று தெரியும். பிறகு மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, சாட்சி சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். என் அன்றைய வக்கீல் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: எது கேட்டாலும் பொய் என்று சொல்லுங்கள், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று. நான் சொன்னேன்.

“பொய் சாட்சிங்க.”

நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய்.

தீர்ப்பில் அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை சிறைத் தண்டனையும். சிறை என்றதும் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். கடைசியில் அது சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு. கோர்ட் எழுந்திருக்கும் வரை அதில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு லீவு போட்டிருந்த நீ வீட்டுக்குப் போகவில்லை. மத்தியானம் ஏட்டிடம் அனுமதி கேட்டுத் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாய், ஊறுகாய் மறந்துவிட்டது என்று திரும்பவும் ஓடினாய். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஏட்டு என்னைக் கேட்டபோது, இவர்தான் புகார் கொடுத்தவர் என்றேன். அவர் விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கோர்ட் கலைந்தது. ஸ்கூட்டரில் வரும்போது சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து நீ கேட்டாய்.

“என்னைப் பொய்யன்னு சொல்லிட்டியேப்பா.”

வக்கீல் அப்படிச் சொல்லச் சொன்னார் என்றேன். நீ சரி என்றாய். விளக்கு பச்சையானது, வந்துவிட்டோம். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நீ எடுக்காததால் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்ததா? இதுவும் இப்போது புரியவில்லை.

மேல்முறையீடு செய்யவில்லை. எதற்கு? பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று, எழுந்து வந்தாயிற்று, முடிந்தது. பதினாலு வருஷம் அப்படித்தான் இருந்தோம். அதற்குள் உன் புருவத்துத் தழும்பே மங்கிவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் போலீஸ் சான்று கொடுக்க வேண்டும் என்று துவாக்குடி ரோட்டில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோதுகூட எனக்கு இது ஞாபகம் வரவில்லை. ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் மேல் ஒரு தண்டனை இருக்கிறதே என்றார்கள். ஒரு பகல் பெஞ்சில் உட்கார்ந்ததுதானே என்றேன். தண்டனை தண்டனைதான் என்றார்கள். பிரின்சிபல் மரியாதையாகத்தான் பேசினார். அடிதடி கேஸில் தண்டனை வாங்கியவரிடம் குழந்தைகளை எப்படி அனுப்புவது, பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்றார். நியாயம்தான். எல்லார் பேச்சிலும் நியாயம் இருக்கும்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வேனை ஓரங்கட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

என்னைவிட நீதான் பதறினாய். யாரிடமோ விசாரித்து, என்னை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருக்கும் அந்த வக்கீலம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உள்ளே வராமல் வாசலில் செருப்புப் பக்கத்திலேயே நின்றாய். புகார் கொடுத்தவன் உள்ளே வந்தால் எனக்குக் கெடுதலாகிவிடுமோ என்று உனக்குப் பயம்.

வக்கீலம்மா பழைய தீர்ப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு பேரும் சமாதானமாத்தான் இருந்தேள்ங்கறேள். அப்பறம் ஏன் அப்பவே மேல்முறையீடு பண்ணலை?”

முடிந்துவிட்டது என்று நினைத்தோம் என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி முதலில் ஒரு மனு, அதோடு மேல்முறையீடு. அடிபட்டவர் வந்து நாங்கள் சமரசமாகிவிட்டோம் என்று சொன்னால், கோர்ட் ஏற்றுக்கொண்டால், அது விடுதலைக்குச் சமம். தண்டனையே இல்லை என்றாகிவிடும். அடிபட்டவர் வருவாரா என்று கேட்டார். வாசலில்தான் நிற்கிறார் என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். நீ கும்பிட்டாய்.

அடுத்த வாரம் சமரச மனுவை டைப் அடித்துக் கொடுத்தார்கள். மனையில் நின்ற வேனில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்து நீ படித்தாய். ஒரு இடத்தில் விரல் நின்றது. தவறான புரிதலின் பேரில் புகார் கொடுத்துவிட்டேன் என்று அதில் ஒரு வரி.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்பா. என்ன தவறான புரிதல்? நீதானே தள்ளுன. மன்னிச்சுட்டேன்னு எழுதச் சொல்லு, இப்பவே போடுறேன்.”

எல்லா மனுவிலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். நீ தலையை அசைத்தாய். எனக்கு ஆத்திரம். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் நான், இவன் ஒரு வரிக்காக மல்லுக்கு நிற்கிறானே என்று. பதினாலு வருஷம் கழித்து என் பிழைப்பில் மண்ணைப் போடுவதும் நீதான் என்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா என்றேன். நீ கண்ணாடியைக் கழற்றினாய். பேப்பரை மடித்து டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். கண்ணாடியைக் கூட்டில் போட்டு வைத்ததும், அது கீழே விழுந்ததும் நான் கவனிக்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளே வக்கீலம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அந்த வரி வேண்டாம் என்றால் எடுத்துவிடலாமே, அது இல்லாமலும் மனு நிற்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். அதை உன்னிடம் வந்து சொல்ல எனக்கு எத்தனை அடி தூரம்? நடுவில் ஒரு சுவர். ஆனால் நான் வரவில்லை. நீயாக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அந்த வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்ததோ? உன் கையெழுத்தோடு, புகாரே தப்பு என்று ஒரு காகிதம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பத்தொன்பது நாள் பேசவில்லை. இருபதாவது நாள் காலை, ஷிஃப்டுக்குக் கிளம்ப சைக்கிளை வெளியே எடுத்தவன் வாசலிலேயே சாய்ந்துவிட்டாய். உன் வீட்டுக்காரி பரமேஸ்வரி போட்ட சத்தம் சுவரைத் தாண்டி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரை வழிய ஓடிவந்தேன். உன்னைத் தூக்கினேன். இந்த முறை ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரிதான் வந்து கேட்டாள்.

“அண்ணே, அந்தக் கோர்ட்டு பேப்பர் என்ன ஆச்சு? அவரு இருக்கும்போது தினம் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. முடிச்சிடுங்கண்ணே.”

தினம் அதையே என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அடிபட்டவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் கோர்ட் சம்மதத்தோடு சமரசம் செய்யலாம் என்று வக்கீலம்மா சொன்னார். பரமேஸ்வரியும் உன் மகள் நித்யாவும் கையெழுத்துப் போட்டார்கள். நீ வேண்டாம் என்ற வரியை எடுத்தாயிற்று. தாமத மனுவே பல வாய்தா போய், ஒரு வழியாக ஏற்றுக்கொண்டார்கள். கடைசி நாளில் நீதிபதி பரமேஸ்வரியைக் கூப்பிட்டு, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். உங்கள் கணவர் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்றார். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிச்சுட்டாருங்கய்யா. அது எப்பவோ மன்னிச்சுட்டாரு.”

தண்டனை ரத்து, விடுதலை என்று போன வாரம் உத்தரவு வந்தது. இனி எந்த ஃபாரத்திலும் தண்டனை உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதலாம், அது பொய் ஆகாது என்று வக்கீலம்மா சொன்னார். பெருமாள் கண்ணைத் திறந்துட்டார் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அது நிஜமான சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நம் தெரு டீக்கடைக்காரர், அது பொய்க் கேஸ் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் அண்ணே என்றார். நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். பிரின்சிபலும் உத்தரவைப் பார்த்துவிட்டு, பாவம், யாரோ வேண்டாதவர்கள் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். எதிர்த்துச் சொன்னால் திரும்ப ஏதாவது சிக்கல் வருமோ என்று பயம். வாயைத் திறக்காமலே இரண்டு தடவை உன்னைப் பொய்யன் ஆக்கினேன்.

நேற்று சாயங்காலம் நித்யா வேலை விட்டு வந்தவள் வீட்டுக்குள் போகாமல் என் வாசலில் நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பா பொய்க் கேஸு கொடுத்தாருன்னு கடையில பேசிக்கிறாங்க. கோர்ட்டே சொல்லிடுச்சாம். அப்பா பொய் சொன்னாரா?”

நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். சமரசம் என்றால் அப்படி அர்த்தம் இல்லை, கோர்ட் அதை விசாரிக்கவே இல்லை, விடுதலை என்பது வேறு என்று வக்கீலம்மா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி, உன்னைப் போலவே குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“இல்லம்மா. நான்தான் தள்ளுனேன்.”

“இதை அப்பாகிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா மாமா?”

“இல்ல.”

அவள் சரி மாமா என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கோபமா, நிம்மதியா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை மன்னார்புரம் கிளம்பும் முன் டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது சொன்னேன்: அது பொய்க் கேஸ் இல்லை, அவனைத் தள்ளியது நான்தான் என்று. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, செத்துப்போனவரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறீர்கள் பாருங்கள், உங்கள் மனசு யாருக்கு வரும் என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். இன்னொரு தடவை சொன்னேன். சிரித்தார்கள். தண்டனை இருந்தவரை நான் தள்ளவில்லை என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இப்போது தள்ளினேன் என்று சொல்கிறேன், அதையும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

கூண்டில் நீ சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொன்னது நான். இதை இனி எந்தக் கோர்ட்டும் என்னிடம் கேட்கப்போவதில்லை என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன்.